வெயிலுக்கு விலையில்லை, தகடுகளுக்கு உண்டு

பெங்களூர் நகரின் பல பகுதிகளில் இப்போது மொட்டை மாடிகளுக்குத் திடீர் மதிப்பு வந்திருக்கிறது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோலார் தகடுகளை விற்கும் ஏஜெண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். “மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது, கரண்ட் பில் இனி வராது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை” என்று அச்சடித்த தாள்களைக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று, பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்திருக்கும் தொழிலாளியின் வீட்டு வாசலில் இந்தத் தாள்கள் சற்று அதிகமாகவே விழுகின்றன.

திட்டம் நல்ல திட்டம்தான். அதில் ஐயமில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்த ‘சூர்ய கர்’ திட்டத்திற்கு மத்திய மந்திரிசபை 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சோலார் தகடுகளை அமைப்பது அதன் இலக்கு. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 10 லட்சம் வீடுகள் என்ற எண்ணிக்கை எட்டப்பட்டது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில், கூரைமேல் வீணாக விழும் வெயிலைப் பயன்படுத்துவது பாராட்டத்தக்க முயற்சி என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் நாட்டுக்கு நல்லதாக இருப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் இலாபமாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வெயில் எல்லார் வீட்டு மாடியிலும் ஒன்றுபோலத்தான் காய்கிறது. மின்கட்டண ரசீது அப்படி இல்லை. ஏஜெண்டு தரும் தாளில் மானியத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். வாடிக்கையாளரின் ரசீது அதில் எங்குமே இருக்காது. கணக்கு அந்த ரசீதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் மானியம் என்ன என்பதைத் தெளிவாகத் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு கிலோவாட் திறனுள்ள அமைப்புக்கு 30,000 ரூபாய். இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய். அதோடு நின்றுவிடும். 78,000 ரூபாய் என்ற எண்ணைக் கேட்டு, ஒரு கிலோவாட் போட்டாலே அது கிடைக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு.

அடுத்து, இந்தப் பணம் முன்கூட்டி வருவதில்லை. வீட்டுக்காரர் முதலில் தம் பணத்தையோ கடன் பணத்தையோ கட்டி, தகடுகளை ஏற்றி, மின் நிறுவனத்தார் வந்து பரிசோதித்து, மீட்டர் மாற்றிய பிறகே மானியம் அவருடைய வங்கிக் கணக்கில் சேரும். பதிவு பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டும். தகடும் அதன் உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு தகட்டை வாங்கி மாட்டிவிட்டால், பிறகு மானியத்துக்கு அலைந்து பயனில்லை.

அரசு மானியத்தைக் கணக்கிட்டபோது முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 50,000 ரூபாய் என்றும், மூன்றாவதற்கு 45,000 ரூபாய் என்றும் விலை வைத்துக் கொண்டது. முதல் இரண்டில் 60 சதவீதமும் மூன்றாவதில் 40 சதவீதமும் அரசு தருகிறது. கடைவீதியில் இந்த விலைக்குக் கிடைப்பது அரிது. உள்நாட்டுத் தகடு, துணி காயப்போட இடம் விட்டு உயர்த்திக் கட்டும் இரும்புச் சட்டம், ஒயரிங், மீட்டர் செலவு எல்லாம் சேர்ந்தால் கூடத்தான் ஆகும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சோலார் சாதனங்களுக்கான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விலை சொல்பவர் அந்தக் குறைப்பைக் கணக்கில் காட்டியிருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கமில்லை.

இனி விளைச்சல். ஒரு கிலோவாட் அமைப்பு, நிழல் படாத மாடியில், சராசரியாக நாள் ஒன்றுக்கு 4 யூனிட் தரும். மாதத்துக்கு 120 யூனிட். ஆடி மாத மேகமூட்டத்தில் குறையும். மாசி, பங்குனியில் கூடும். அதற்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் வேண்டும்.

இந்த எண்களை வைத்துக் கொண்டு மூன்று வீடுகளைப் பார்ப்போர்க்கு விஷயம் விளங்கிவிடும்.

முதல் வீடு, சொந்த வீடு. மாதம் 300 யூனிட் செலவாகிறது. கர்நாடக அரசின் ‘கிருஹ ஜோதி’ இலவச மின்சாரம் 200 யூனிட்டுக்கு மேல் போகிறவர்களுக்குக் கிடையாது. ஆகவே முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 ரூபாய், அதோடு நிலைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. இவர் இரண்டு கிலோவாட் போடுகிறார். விற்பனையாளர் 1,40,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக் கொள்ளலாம். மானியம் 60,000 போக, கைப்பணம் 80,000. மாதம் 240 யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் மாதம் 1,440 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 17,280 ரூபாய். போட்ட பணம் ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி இலாபம். இவர் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது வீடும் சொந்த வீடுதான். ஆனால் மாதம் 140 யூனிட்டோடு நின்றுவிடுகிறது. கிருஹ ஜோதியில் இவருக்கு ரசீது ‘பூஜ்யம்’ என்றே வருகிறது. இவர் ஒரு கிலோவாட் போட்டால், விலை 75,000 என்றால் மானியம் போக 45,000 ரூபாய் கைப்பணம். மாதம் 120 யூனிட் கிடைக்கும். மிச்சம் எவ்வளவு? ஒன்றுமில்லை. ஏற்கெனவே பூஜ்யமாக இருக்கும் ரசீதை அதற்கு மேல் குறைக்க முடியாது. இவருடைய பணத்தில் மாநில அரசுக்கு இலவச மின்சாரச் செலவு குறையும், அவ்வளவுதான். நாற்பத்தைந்தாயிரம் ரூபாயை அரசுக்கு நன்கொடையாகக் கொடுக்கும் நிலையில் பீனியா தொழிற்பேட்டைத் தொழிலாளி இல்லை.

“இலவசம் என்றைக்கும் நிற்குமா? நாளை நிறுத்திவிட்டால்?” என்று ஏஜெண்டு கேட்பார். நியாயமான கேள்விதான். நிறுத்தும் நாளில் போட்டுக் கொள்ளலாம் என்பதே பதில். பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்த விலையைவிட இன்றைக்குத் தகட்டின் விலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மத்திய மானியத் திட்டத்துக்கு 2024இல் ஒப்புதல் தந்தபோது 2026-27 நிதியாண்டு வரை என்றே காலம் குறிக்கப்பட்டது உண்மை. ஆனால் மானியம் போய்விடுமே என்ற பயத்தில், மிச்சமே தராத ஒன்றை வாங்குவது கணக்கில் சேராது.

மூன்றாவது வீடுதான் சிக்கலானது. இப்படிப்பட்ட வீடுகள் நகரில் ஏராளம். இருபதுக்கு முப்பது மனையில் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், மேலே இரண்டு குடித்தனங்கள். மூன்று மீட்டர்கள். மனை அறுநூறு சதுர அடி. மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, வெந்நீருக்கான சூரியக் கொதிகலன் போக மீதி இருப்பது இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடி. கிழக்கே ஒட்டினாற்போல நான்கு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தால் பத்து மணி வரை வெயிலே விழாது. ஒரு தகட்டின் மூலையில் தொட்டியின் நிழல் விழுந்தாலும், அதோடு சேர்த்து இணைத்திருக்கும் மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையும். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை. அப்படியும் இரண்டு கிலோவாட் போட்டால், அந்த மின்சாரம் வீட்டுக்காரரின் மீட்டருக்கு மட்டுமே கணக்காகும். குடித்தனக்காரருக்குப் பயன் இல்லை. துணி காயப்போடும் இடம் போயிற்று என்ற மனத்தாங்கல்தான் மிச்சம்.

உற்பத்தியாகி உபரியாகும் மின்சாரத்தை விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. 2013ஆம் ஆண்டில் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மானியம் பெறாத கூரைச் சோலார் அமைப்புகளிலிருந்து வரும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு என்று விலை வைத்தது. பெரிய கூரையும் கையில் பணமும் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் நன்றாகவே சம்பாதித்தார்கள். இப்போது மானியம் பெற்று அமைப்பவர்களின் உபரிக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 ரூபாய்தான். மின் நிறுவனத்திடம் வாங்கும் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே சொந்தத் தேவைக்கு மேல் தகடு போடுவது இலாபமில்லை. மூன்று கிலோவாட் போட்டால் மானியம் முழுதாகக் கிடைக்குமே என்று, 200 யூனிட் தேவைக்கு 360 யூனிட் உற்பத்தி செய்வது வீண் செலவு.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பகலில் வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். தகடு தரும் மின்சாரம் வெளியே மின்கம்பிக்குப் போகிறது. இரவில் அதே கம்பியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது. போனதையும் வந்ததையும் புதிய மீட்டர் தனித்தனியே எழுதிக் கொள்கிறது. ரசீது வித்தியாசத்துக்கு மட்டும். ஆனால் நிலைக் கட்டணம் போகாது. “பில்லே வராது” என்பது அந்த வகையிலும் சரியல்ல.

இன்னொன்று, பலருக்கும் பெரிய ஏமாற்றமாக வருவது. மின்தடை ஏற்பட்டால் மாடியில் தகடு இருந்தும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். உச்சி வெயிலிலும் அப்படியே. கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்து ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றதும் இன்வர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும். அது தனிச் செலவு. பேட்டரிக்கு ஆயுளும் தகட்டைப் போல நீண்டதல்ல. மின்தடைக்குப் பரிகாரம் என்று நினைத்துச் சாதாரண அமைப்பை வாங்குகிறவர் முதல் கோடையிலேயே விற்பனையாளரோடு சண்டைக்குப் போகிறார்.

கடன் விஷயத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தத் திட்டத்தில் மூன்று கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் அரசுடைமை வங்கிகள் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டியது. சாதாரணத் தனிநபர் கடனைவிட மிகவும் குறைவு. முதல் வீட்டுக்காரர் 80,000 ரூபாயை அப்படிக் கடனாகப் பெற்றால், 7 சதவீத வட்டி என்று வைத்துக் கொண்டாலும் பத்தாண்டுத் தவணையில் மாதம் ஏறத்தாழ 930 ரூபாய் கட்டினால் போதும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் 1,440 ரூபாயிலிருந்தே தவணை கட்டிவிட்டு மீதியும் வைத்துக் கொள்ளலாம்.

வங்கிக்கு நடக்கச் சோம்பல்பட்டு, தெருவில் இரண்டு வட்டிக்கு வாங்கினால்? 80,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 1,600 ரூபாய். சூரியன் தருவது 1,440. அசல் அப்படியே நிற்க, மாதந்தோறும் 160 ரூபாய் கையை விட்டுப் போகும். தகட்டை ஏற்றிய பிறகு குடும்பம் முன்னைவிட ஏழையாகும். விற்பனையாளரே ‘ஃபைனான்ஸ்’ ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொன்னால், வட்டி விகிதத்தை ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் நகையை இதற்காக அடகு வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பராமரிப்புச் செலவையும் மறக்கலாகாது. தகட்டுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதன் திறன் சிறிது குறையும். இன்வர்ட்டர் அவ்வளவு காலம் வராது. பத்து ஆண்டை ஒட்டி மாற்ற நேரிடும் என்று எண்ணி இருபது, முப்பதாயிரம் ரூபாயை இப்போதிருந்தே ஒதுக்கி வருவது நல்லது. திட்டத்தின் விதிப்படி முதல் ஐந்து ஆண்டுகள் விற்பனையாளர் இலவசமாகப் பராமரிக்க வேண்டும். இது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குக் குறைவில்லை, புழுதிக்கும் குறைவில்லை. மாதம் இரண்டு முறையாவது ஏறித் துடைக்காவிட்டால் உற்பத்தி படுத்துவிடும்.

இவற்றையெல்லாம் பார்த்துத் தயங்குகிற குடும்பங்களுக்குத் தகட்டைவிட மலிவான வழிகள் இருக்கின்றன. இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாலு பேர் குளிக்க ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் 60 யூனிட். சூரிய வெந்நீர்க் கொதிகலன் இந்த நகருக்குப் புதியதல்ல. குளிர்காலைப் பெங்களூருக்கு அது தகுந்த சாதனம். மின்சாரத் தகட்டைவிடச் சிறிய இடமும் குறைந்த பணமும் போதும்.

மின்விசிறியை எடுத்துக் கொண்டால், பழைய விசிறி 75 வாட். புதுவகை விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் இரண்டு விசிறிகளை மாற்றினால் மாதம் 30 யூனிட்டுக்கு மேல் குறையும். சில குடும்பங்களுக்கு இது வெறும் 30 யூனிட் இலாபம் அல்ல. 2022-23ஆம் ஆண்டுச் சராசரி 200 யூனிட்டுக்குள் இருந்து, பிறகு பிள்ளைகள் வளர்ந்து, ஃபிரிஜ்ஜும் கம்ப்யூட்டரும் வந்து, இப்போது மாதம் 225 யூனிட் ஆகிவிட்ட வீடுகள் உண்டு. அவர்கள் 200ஐத் தாண்டியதால் முழு ரசீதையும் கட்டுகிறார்கள். 195க்கு இறங்கினால், தங்களுக்கு அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டும் கட்டினால் போதும். ஆறாயிரம் ரூபாய் விசிறிச் செலவில் மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். ஒன்றரை லட்ச ரூபாய்த் தகட்டால் முடியாததை இரண்டு விசிறிகள் செய்துவிடுகின்றன. இதைச் சொல்ல எந்த ஏஜெண்டும் வீடு தேடி வரமாட்டார்.

ஊரில் இருக்கும் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருவண்ணாமலைப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ பெற்றோர் இருக்கும் வீட்டில் தகடு போடலாமா என்று இங்கே உழைக்கும் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் கணக்கு வேறு. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர் பார்க்கிறார்கள். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2016ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் கட்டணமே சொற்பம். அங்கே தகடு வேண்டாத செலவு. அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து இருந்து, குளிர்சாதனமும் வைத்து, கட்டணம் மேல்படிகளுக்கு ஏறிவிட்ட வீடானால் கணக்கு தலைகீழாகும். தகடு தரும் மின்சாரம் முதலில் உச்சிப்படியில் இருக்கும் விலை மிகுந்த யூனிட்டுகளையே குறைக்கும். பணம் விரைவில் திரும்பும். ஆகவே “ஊரில் மாமா வீட்டில் மூன்று ஆண்டில் பணம் வந்துவிட்டது” என்று கேட்டு இங்கே முடிவு செய்யக் கூடாது. இங்கே படிகள் இல்லை, ஒரே விலை. மும்பை உறவினர் சொல்லும் கணக்கும் இங்கே பொருந்தாது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் போடுவதைப் போல வீண் வேறில்லை. துடைக்க ஆள் இல்லை. கழன்றால் பார்க்க ஆள் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்தமாக வீடு வாங்கியிருக்கும் குமாஸ்தாக்களுக்குத் தனித்தனியாகக் கூரை இல்லை. ஆனால் குடியிருப்போர் சங்கத்துக்கு இத்திட்டத்தில் இடம் இருக்கிறது. லிப்ட், தண்ணீர் ஏற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுத் தேவைகளுக்காக அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். பொது மீட்டருக்கு இலவச யூனிட் இல்லை என்பதால் இங்கே மிச்சம் உண்மையான மிச்சம். மாதாந்திரப் பராமரிப்புத் தொகையில் அது தெரியும். சங்கக் கூட்டத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு மணி நேரம் வாதாடுகிறவர்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

அரசாங்கங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இன்று மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தால், சொந்தக் கூரையும், பெரிய மின்கட்டணமும், முன்பணம் கட்டும் வசதியும் உள்ளவருக்கே. வாடகைக்கோ லீஸுக்கோ இருப்பவருக்கு ஒரு காசும் இல்லை. இந்த நகரில் வேலை தேடி வந்த தமிழர்களில் மட்டுமல்ல, வட கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்களிலும் மிகப் பலர் வாடகை வீட்டிலேயே வாழ்கிறார்கள். கிருஹ ஜோதித் திட்டத்தில் கர்நாடக அரசு குடித்தனக்காரரையும் சேர்த்துக் கொண்டது. எந்த மொழி பேசுகிறவர் என்று பார்க்கவில்லை. அது பாராட்டுக்குரியது. மத்திய அரசின் கூரைத் திட்டத்தில் அந்தப் பெருந்தன்மை இல்லை.

வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் பெரிய அளவில் தகடுகளை அமைத்து, அதில் உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பங்கு போட்டுப் பல வீடுகளின் ரசீதுகளில் கழித்துக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. டெல்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019ஆம் ஆண்டிலேயே இதற்கு வழிமுறைகளை வெளியிட்டது. சங்கக் கட்டடத்தின் கூரையிலோ பள்ளிக் கூரையிலோ ஒரு பங்கு வாங்கிக் கொண்டால், குடித்தனக்காரர் வீடு மாறினாலும் பங்கு அவரோடு போகும்படி விதி செய்யலாம். காகிதத்தில் இருந்தால் போதாது. துணைக்கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் நடக்கும்படி எளிதாக்க வேண்டும்.

கர்நாடக அரசு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். மாதம் 140 யூனிட் இலவசமாகப் பெறும் வீட்டுக்கு யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் அரசுக்குச் செலவாகிறது. அந்த வீட்டின் கூரையில் அரசே ஒரு கிலோவாட் போட்டுக் கொடுத்தால், மத்திய மானியம் போக ஆகும் நாற்பது, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் ஐந்து ஆண்டு இலவசச் செலவுக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு அந்த வீட்டின் இலவசத்தில் பெரும்பகுதியைச் சூரியன் ஏற்றுக் கொள்வான். மின் நிறுவனங்களே வீடுகளுக்கு அமைத்துத் தரும் முறைக்கு மத்தியத் திட்டத்தின் விதிகளில் இடமும் இருக்கிறது. ஆண்டுதோறும் கரைந்து போகும் பணத்தை மாடியில் நிற்கும் சொத்தாக்கும் இந்த வேலையைச் சிறிய கூரைகளிலிருந்து தொடங்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் இலவசம் நிற்குமோ என்ற பயமும் ஏழைக் குடும்பங்களுக்குக் குறையும்.

அதுவரை விற்பனையாளர்களை நெறிப்படுத்தவாவது உடனே ஆவன செய்ய வேண்டும். விலைப்புள்ளி ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதில் கையெழுத்திடுகிறவருக்கு அது தெரிவதில்லை. வாடிக்கையாளரின் கடந்த பன்னிரண்டு மாத யூனிட் கணக்கு, அவருக்கு இலவச மின்சாரம் உண்டா, தகடு போட்டபின் மாதம் எத்தனை ரூபாய் மிச்சம், மானியம் வரும்வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகை, மின்தடையின்போது இயங்குமா, இன்வர்ட்டருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் ஆகியவற்றைக் கன்னடத்திலும், வாங்குகிறவர் அறிந்த மொழியிலும் ஒரே தாளில் எழுதித் தந்த பிறகே முன்பணம் வாங்க வேண்டும் என்று விதி செய்தால் போதும். பத்து கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியம் பற்றிய ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. விற்கிறவருக்கு வேலை அவ்வளவு எளிதாகிவிட்ட பிறகு, இந்த ஒரு தாளை எழுதித் தருவது அவருக்குப் பெரிய சுமையாக இராது.